கொல்லாது பூச்சிகளைக் கற்றல்

சென்ற ஆண்டு, உயிர்நூல் வகுப்பொன்றில் யாம் ஒரு பட்டுக்கூட்டை மேசைமீது வைத்து, "இஃது யாதென அறிவீரோ?" என வினவினோம். ஆரணியிற் பிறந்து, தறியின் ஓசையிலேயே உறங்கி வளர்ந்த மாணவர் ஒருவர் எழுந்து வந்தார். கூட்டைக் கையிலெடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், காதோரம் வைத்து ஆட்டினார். "ஐயா, உள்ளே ஏதோ உருள்கின்றதே!" என்றார். வகுப்பு முழுதும் நகைத்தது. அவர் முகம் வாடிற்று. யாமோ நகைக்கவில்லை. உலகம் போற்றும் பேரறிஞர் ஒருவர் இதே செயலைச் செய்து, இதே சொல்லைச் சொன்னார் என்பது எமக்கு நினைவிற்கு வந்தது.

1865-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியிற் பட்டுப்புழுக்கள் ஒரு கொள்ளைநோயால் இலட்சக்கணக்கில் மடிந்துகொண்டிருந்தன. அந்நோயின் காரணத்தை ஆராயுமாறு அனுப்பப்பெற்ற லூயி பாஸ்டர், அவிஞோன் நகரிலிருந்த பள்ளியாசிரியர் ஒருவரைக் காணச் சென்றார். பட்டுக்கூட்டை இதற்கு முன் கண்டதில்லை என்றும், ஒன்று காட்டவேண்டும் என்றும் கேட்டார். ஆசிரியர் அண்டை வீட்டிலிருந்து சில கூடுகளை வாங்கி வந்து தந்தார். பாஸ்டர் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டி, உள்ளே ஏதோ இருக்கின்றது என வியந்தார். அது கூட்டுப்புழு என்பதை அப்பொழுதுதான் அறிந்துகொண்டார். இந்நிகழ்ச்சியை அவ்வாசிரியர் பிற்காலத்தில் தம் நூலில் எழுதிவைத்தார். எள்ளி எழுதினாரல்லர், இவ்வளவேனும் அறியாது வந்தவர் அச்சமின்றி அவ்வேலையில் இறங்கிய துணிவையே வியந்து எழுதினார். அவர் பெயர் ழான் ஆன்ரி ஃபாபர். இக்கட்டுரையில் அவரை மீண்டும் சந்திப்போம்.

நம் மாணவர் அறியாமைக்குக் காரணம் எளிது. ஆரணிக்கு வரும் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து நூலாகவே வருகின்றது. அது சிட்டமாக வந்து, சாயமேறி, பாவாகவும் ஊடையாகவும் பிரிந்து, தறியில் ஏறிச் சேலையாகின்றது. புழுவும், கூடும், அந்தும் நெசவாளர் வீட்டு வாயிலை மிதிப்பதேயில்லை. நூலின் முடிவை நன்கறிந்த ஊர் அதன் தொடக்கத்தை அறியாது.

அத்தொடக்கம் இதுவாகும். முட்டையினின்று வெளிப்படும் புழு ஏறத்தாழ இருபத்தைந்து நாள் மல்பெரி இலையை ஓயாது தின்று, நான்கு முறை தோலுரித்து, பிறந்த பொழுதிருந்த எடையினும் ஏறக்குறையப் பதினாயிரம் மடங்கு பெருக்கின்றது. பின்னர் இரண்டு மூன்று நாளில், தலையை இப்புறமும் அப்புறமும் அசைத்து, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் நீளமுள்ள ஒரே இழையால் தன்னைச் சுற்றிக்கொள்கின்றது. உள்ளிருக்கும் கூட்டுப்புழுவை விட்டுவைத்தால், பத்துப் பன்னிரண்டு நாளில் அது அந்தாகி வெளிவரும். வெளிவரும்போது கூடு துளைபடும். இழை தொடர்பற்றுப் போகும். ஆதலின் அதற்குமுன் வெப்பத்தாலோ நீராவியாலோ அதனைக் கொன்றுவிடுகின்றனர். ஒரு கிலோ பட்டு நூலுக்கு ஏறத்தாழ ஏழு கிலோ கூடு வேண்டும். கூடொன்று இரண்டு கிராம் எனக் கொண்டால், அரைக்கிலோ எடையுள்ள சேலை ஒன்றிற்கு ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட உயிர்கள் என்பது கணக்கு. இதனை நெசவாளர்மேற் குற்றமாகச் சொல்கின்றோமல்லேம். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு அத்தொழிலில் இருக்கின்றது. கொல்லாது பட்டெடுக்கும் வழியும் இல்லாமலில்லை. அஸ்ஸாம் நாட்டு எறிப்பட்டின் கூடு ஒருபுறம் திறந்தே இருத்தலின் அந்து தானே வெளியேறிவிடும்; ஹைதராபாத்தில் குசுமா ராஜையா என்னும் கைத்தறித்துறை அலுவலர் அந்து வெளியேறிய மல்பெரிக் கூட்டிலிருந்து நூல் நூற்று, அதற்கு அகிம்சைப் பட்டு எனப் பெயரிட்டார். ஆயின் அறுந்த இழையை நூற்ற நூலுக்கு, ஒரே இழையாய் எடுத்த நூலின் மினுமினுப்பு வாராது.

அது தொழிலின் விஷயம். கல்வியின் விஷயம் வேறு. மேசைமீதிருந்த கூடுகளை யாம் வெந்நீரில் இடவில்லை. ஓர் அட்டைப் பெட்டியில் விட்டுவைத்தோம். ஒன்பதாம் நாள் விடியற்காலையிற் கூடொன்றின் நுனி நனைந்திருந்தது. உள்ளிருந்த அந்து தன் வாய்நீரால் இழைகளை இளக்கிக் கால்களால் விலக்கி வெளிவந்தது. வெண்ணிறம், பருத்த உடல், சிறகு உண்டு, பறத்தல் இல்லை. பல்லாயிரம் ஆண்டு மனிதன் வீட்டில் வளர்ந்ததின் பயன் அது. உண்ணுவதும் இல்லை. சில நாளே வாழ்வு. பெண் அந்து ஓரிடத்தில் அசையாதிருக்க, ஆண் அந்துகள் சிறகடித்துச் சுழன்று சுழன்று அதனை நோக்கி வந்தன. மாணவர் ஒருவர் பெண் அந்தின்மேற் கண்ணாடிக் கிண்ணமொன்றை இறுகக் கவிழ்த்தார். ஆண்கள் எதிரே நின்றும் அதனைப் பொருட்படுத்தவில்லை. அது முன்னர் அமர்ந்திருந்த வெறுந்தாளை எடுத்து வைத்தபொழுது, அத்தாளைச் சுற்றி ஆடின! கண்ணால் அன்று, மணத்தால் அவை நாடுகின்றன என்பதை வகுப்பு அரைமணி நேரத்திற் கண்டுகொண்டது. ஓர் உயிரும் போகவில்லை.

அம்மணம் இன்ன பொருள் என்பதை 1959-ஆம் ஆண்டில் ஜெர்மன் நாட்டு அடால்ஃப் பூடனாண்ட் என்பார் வெளியிட்டார். அதற்கு ஏறத்தாழ இருபதாண்டு உழைப்பும், ஐந்து இலட்சம் பெண் அந்துகளின் சுரப்பிகளும் செலவாயின. கிடைத்தது சில மில்லிகிராம் பொருள். இரண்டும் அறிவே. பூடனாண்டின் வேலையை அரைமணி நேரத்து வேடிக்கையோடு ஒப்பிடுதல் தகாது என்பதை அறிவோம். ஆயினும் ஒன்று சொல்லலாம்: மணம் உண்டு என்பதை உயிருள்ள பூச்சி காட்டிய பின்னரே, அம்மணம் யாது என்னும் வினா எழுந்தது. செத்த பூச்சியிடம் அவ்வினா எழ வழியில்லை.

இங்கு எம் பழங்கதையொன்றைச் சொல்லவேண்டும். யாம் மாணவராயிருந்த காலத்தில், பயின்ற கல்லூரியில், ஆண்டிறுதிக்குள் நாற்பது பூச்சிகள் குத்திய பெட்டி ஒன்றை ஒவ்வொருவரும் ஒப்படைக்கவேண்டும் என்பது விதி. யாமும் வலையும் நச்சாவிப் புட்டியும் ஏந்திச் செய்யாற்று மணலெங்கும் ஓடினோம். தட்டான், வண்ணத்துப்பூச்சி, வெட்டுக்கிளி, பொன்வண்டு என அகப்பட்டனவெல்லாம் புட்டிக்குள் துடித்தடங்கின. பெட்டி அழகாகவே இருந்தது, மதிப்பெண்ணும் வந்தது. பின்னர் அப்பெட்டியைப் பரணில் வைத்தோம். பாச்சை உருண்டை கரைந்த சில திங்களில், கண்ணுக்குத் தெரியா வண்டுப்புழுக்கள் உட்புகுந்து அனைத்தையும் தின்றுவிட்டன. மறுகோடையில் திறந்தபொழுது நாற்பது குண்டூசிகளும் கொஞ்சம் தூளுமே எஞ்சின. அதனினும் வெட்கத்திற்குரியது வேறொன்று. அந்நாற்பதில் எவ்வொன்றும் எதைத் தின்னும், எங்கே முட்டையிடும், இரவில் எங்கே உறங்கும் என்று எவரேனும் கேட்டிருப்பின், எம்மிடம் விடையில்லை. தொலைவிற் பறந்ததைப் பிடித்துக் கொன்றோம் என்பது தவிர அவற்றைப்பற்றி யாம் கற்றது யாதுமில்லை.

நண்பர்காள், செய்யார், ஆரணி, வந்தவாசி ஆகிய இப்பகுதிகள் தமிழ்ச் சமணர் இன்றும் வாழும் பகுதிகள் என்பதை நீவிர் அறிவீர். ஆரணிக்கு அண்மையிலுள்ள திருமலையில் நேமிநாதர் திருவுருவம் குன்றைச் செதுக்கியே அமைந்திருக்கின்றது. பூச்சிகள் விளக்கொளியில் வீழ்ந்து மடியுமென அஞ்சி, ஞாயிறு மறையுமுன் உண்டு முடிக்கும் நயினார் குடும்பங்களை எம் இளமையில் நேரிற் கண்டிருக்கின்றோம். அவரும் பட்டுத்தறியும் ஒரே வட்டாரத்தில் நெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்திருப்பது எண்ணத்தக்கது. ஆதலின் கொல்லாமை என்னும் சொல்லை இம்மண்ணிற்கு யாம் புதிதாகக் கொணர வேண்டியதில்லை. யாம் கொணர விரும்புவது, அச்சொல்லோடு அறிவு சேருமிடம் ஒன்று உண்டென்பதையே. இரக்கத்தால் மட்டும் கொல்லாதிருப்பவர் பூச்சியை விலகிச் செல்வர். யாம் சொல்வது, கொல்லாமல் அருகே சென்று அமர்வதைப்பற்றி.

இதற்குக் குளவியினும் சிறந்த எடுத்துக்காட்டு எமக்குக் கிடைக்கவில்லை. திண்ணைச் சுவரிலும் கதவிடுக்கிலும் சிறு மண்கலயம் போலக் கூடு கட்டும் குளவியைக் காணாதார் இலர். அது பச்சைப் புழுவைத் தூக்கி வந்து கலயத்துள் அடைக்கும். வாயை மண்ணால் மூடும். சில வாரம் கழித்து உள்ளிருந்து குளவி வெளிப்படும். புழு உட்புகுந்தது, குளவி வெளிவந்தது. ஆகவே, குளவி கொட்டக் கொட்டப் புழுவே குளவியாயிற்று என நம் முன்னோர் கருதினர். குருவை நினைந்து நினைந்து சீடன் குருவே ஆதற்கு இது உவமையுமாயிற்று. உவமை அழகியது. அதனைக் குறை கூற வேண்டா. ஆயினும் மூடிய கலயத்தினுள் நிகழ்ந்ததை எவரும் பார்த்தாரல்லர்.

பார்த்தவர் ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இலர். லெயோன் துஃபூர் என்னும் பிரெஞ்சு மருத்துவர், பூச்சிகளை அறுத்துப் பார்ப்பதில் தம் காலத்தில் நிகரற்றவர். மண்ணுள் வளை தோண்டும் ஒருவகைக் குளவி, வண்டுகளைக் கொணர்ந்து சேமித்திருப்பதைக் கண்டார். வண்டுகள் அசையவில்லை, எனவே இறந்தன எனக் கொண்டார். பல நாளாகியும் அவை அழுகவில்லை. எனவே குளவியின் நஞ்சு உடலைக் கெடாமற் காக்கும் மருந்து எனக் கொண்டார். இறந்ததை ஆராய்ந்து பழகிய கண்ணுக்கு இம்முடிவு இயல்பே.

ஃபாபர் அவர் கட்டுரையைப் படித்தார், வியந்தார், பின் வளையின் வாயிலில் வெயிலில் அமர்ந்தார். அவர் கண்ட குளவி கூன்வண்டுகளைக் கொணர்ந்தது. அவ்வண்டுகளை வாங்கி வைத்துப் பார்த்தபொழுது, அசைவற்ற அவற்றின் குடல் வேலை செய்துகொண்டிருந்தது. மின்னோட்டம் செலுத்தியபொழுது கால்கள் துடித்தன. அவை இறக்கவில்லை! நரம்புமுடிச்சிற் கொட்டு விழுந்ததால் முடங்கிக் கிடந்தன. குளவியின் குஞ்சுக்குப் புதிய உணவு வேண்டும், உணவு உயிரோடிருத்தல் வேண்டும், ஆனால் அசையலாகாது. நஞ்சு செய்த வேலை அதுவே. 1855-ஆம் ஆண்டு இதனை அவர் வெளியிட்டார். துஃபூரின் கூரிய கத்தி காணாததைப் பொறுமையுள்ள ஒருவரின் கண் கண்டது. ஃபாபரின் கை முற்றிலும் தூயது எனச் சொல்லோம். அவரும் சில வண்டுகளை அறுத்தார். அம்மோனியா தோய்த்த ஊசியாற் சிலவற்றைக் குத்தி, குளவி செய்ததைத் தாமும் செய்து பார்த்தார். ஆனால் கத்தி அவரிடம் கேள்விக்குப் பின் வந்தது.

கண்ணும் தவறுவதுண்டு. புழு வேட்டையாடும் குளவி, கற்றுத் தேர்ந்த மருத்துவனைப் போல ஒருபோதும் இடம் தவறாது கொட்டும் என ஃபாபர் எழுதினார். அமெரிக்காவில் விஸ்கான்சின் நாட்டில் ஜார்ஜ் பெக்கம், எலிசபெத் பெக்கம் என்னும் கணவனும் மனைவியும் தம் தோட்டத்தில் அதே வகையான குளவிகளைப் பார்த்து 1898-இல் ஒரு நூல் வெளியிட்டனர். கொட்டுமிடமும் கொட்டும் தொகையும் குளவிக்குக் குளவி மாறும். சில புழுக்கள் இறந்தே போகும். இறந்ததையும் குஞ்சு தின்றே வளரும் என அவர்கள் காட்டினர். கொல்லாது கற்ற ஒருவரை, கொல்லாது கற்ற இருவரே திருத்தினர்.

நம் திண்ணைக் கலயத்திற்கு வருவோம். அதனை உடைக்க வேண்டா. கூரிய பேனாக்கத்தியாற் பக்கத்தில் அரையங்குல அளவு சாளரம் வெட்டி, மெல்லிய ஒளிபுகும் தாளை அதன்மேல் ஒட்டி, பார்க்காத வேளையிற் கறுப்புத் துணியால் மூடிவிடுக. உள்ளே பச்சைப் புழுக்கள் குவிந்திருக்கும். மெதுவாக நெளியவும் செய்யும். கலயத்தின் மேற்கூரையிலிருந்து நுண்ணிய இழையொன்றில் முட்டை தொங்கும். நெளியும் புழுக்களிடையே கிடப்பின் நசுங்குமன்றோ? அதனால் அது தொங்குகின்றது. குஞ்சு வெளிப்பட்டதும் அவ்விழையைப் பற்றியே தலைகீழாகத் தொங்கி, கீழிருக்கும் புழுவைக் கடிக்கும். கீழே அசைவு மிகுந்தால் மேலேறிக்கொள்ளும். எம் மாணவர் இருவர் இதனை இரவும் பகலும் முறைவைத்துப் பார்த்தனர். புழு குளவியாகவில்லை, புழுவைத் தின்ற குஞ்சு குளவியாயிற்று. அவருள் ஒருவர், "இதனை என் பாட்டியாரிடம் எப்படிச் சொல்வேன்?" எனக் கவலையுற்றார். பாட்டியாரைச் சாளரத்தருகே அமர்த்துக என்றோம்.

செய்யாறு ஆண்டிற் பெரும்பகுதி நீரின்றி மணலாய்க் கிடக்கும். அம்மணலில் வளை தோண்டும் குளவிகள் உண்டு. இரைதேடி நெடுந்தொலைவு போய், ஒரேமாதிரியான மணற்பரப்பில் தன் வளையை மட்டும் எவ்வாறு கண்டு மீள்கின்றது? இவ்வினாவை 1929-ஆம் ஆண்டளவில் ஹாலந்து நாட்டில் நிக்கோ டின்பெர்கன் என்னும் இளைஞர் எழுப்பிக்கொண்டார். தேனீக்களைப் பிடிக்கும் குளவி ஒன்றின் வளையைச் சுற்றிப் பைன்மரக் காய்களை வட்டமாக அடுக்கினார். குளவி அவ்வட்டத்திற்குப் பழகியபின், அது வெளியே சென்ற வேளையிற் காய்களைச் சிறிது தள்ளி அதே வட்டமாக வைத்தார். திரும்பிய குளவி வளையிருந்த இடத்தை விட்டு வட்டத்தின் நடுவில் இறங்கித் தேடியது. எக்குளவி எதுவென அறிய ஒவ்வொன்றின் முதுகிலும் வண்ணப்புள்ளி இட்டிருந்தார். கருவி என்பது மரத்தடியிற் கிடந்த காய்கள், செலவு ஒன்றுமில்லை. 1973-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவருள் அவர் ஒருவர்.

பைன்காய் நம் ஊரில் இல்லை. யாம் புங்கங்காய் கொண்டுபோனோம். முதல் நாள் வட்டம் அடுக்கி முடித்தவுடன் பசுவொன்று வந்து அனைத்தையும் கலைத்தது. இரண்டாம் நாள் காற்று. மூன்றாம் நாள் காயைத் தள்ளி வைத்தோம், குளவி வந்தது, புங்கங்காய்களின் நடுவே இறங்கி மணலைக் கீறியது, எழுந்தது, மறுபடி இறங்கியது. அப்பொழுது எங்கள் குழுவில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு, மறுகரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் ஓடிவந்தனர். காய்களைப் பழைய இடத்தில் வைத்தபின் குளவி வளையுட் புகுந்தது. மற்றொரு குளவி காய்களைக் கருதாது நேரே வளைக்கே சென்றது. அதன் வளையருகே தலைசாய்ந்த கோரைப்புல் ஒன்று நின்றது. ஒருகால் அது புல்லைக் குறியாகக் கொண்டிருக்கலாம். புல்லை நகர்த்திப் பார்ப்பதற்குள் விடுமுறை வந்துவிட்டது.

ஒருநாட் காட்சியைவிட ஒருயிரைத் தொடர்ந்து காணுதல் பெரிது. ஆங்கில நாட்டு ஜான் லப்பக் என்பார் கண்ணாடித் தட்டுகளிடையே எறும்புகளை வளர்த்தார். அவர் வளர்த்த எறும்பரசி ஒன்று ஏறத்தாழப் பதினைந்தாண்டு வாழ்ந்து 1888-இல் இறந்தது. எறும்பின் ஆயுள் இத்துணை நீளும் என்பதை எத்தனை எறும்புகளைக் குண்டூசியிற் குத்தினால் அறிய இயலும்?

நம் நாட்டிலேயே இதற்குச் சிறந்த சான்றுண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் இராகவேந்திர கதக்கர் பல்லாண்டுகள் ஆராய்ந்தது, நம் சாளரங்களில் தாள்போன்ற கூடு தொங்கவிடும் எளிய குளவியையே. ரோப்பலீடியா மார்ஜினேட்டா என்பது அதன் நூற்பெயர். ஒவ்வொரு குளவிக்கும் தனித்தனி வண்ணப்புள்ளிகள் இட்டு, அது எவ்வளவு நேரம் சும்மா இருந்தது, எதனோடு சண்டையிட்டது, எத்தனைமுறை இரைதேடச் சென்றது என்று அவரும் உடன் உழைத்தோரும் குறித்தனர். தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் அக்குளவிகள், இருப்போர், பொருவோர், தேடுவோர் என மூவகைப்படும் என்பது 1983-இல் வெளியான கட்டுரையால் விளங்கிற்று. வியப்பு யாதெனில், அரசி பொருவோருள் ஒருத்தியல்லள். பெரும்பாலும் அடங்கி ஒடுங்கியே இருப்பாள். அவளைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டால், அதுவரை யாதொரு சிறப்புமின்றி இருந்த வேலைக்குளவி ஒன்று திடீரெனச் சினங்கொண்டு மற்றவற்றைத் தாக்கத் தொடங்கும். அரசியைத் திருப்பி வைத்தால் அது மீண்டும் அடங்கும். வைக்காவிடில் ஒரு வாரமளவில் அதுவே முட்டையிடும் அரசியாகும். இவ்வரசியல் முழுதும் செத்த குளவிகளின் வரிசையிற் காணக்கிடையாதது. முட்டைப்பை வளர்ந்த அளவை அறிய அவர்களும் சில குளவிகளை அறுத்துப் பார்த்ததுண்டு; அதனை மறைக்க வேண்டா.

மறைக்க வேண்டாதவை இன்னும் சில உள. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20-ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், நோயாளியின் குருதியைக் குடித்த கொசுவை அறுத்து, அதன் வயிற்றில் மலேரியாவின் கிருமியைக் கண்டார். அக்கொசுவை உயிரோடு விட்டிருப்பின் எத்தனை உயிர் போயிருக்கும்! பாஸ்டரும் முடிவாகக் கண்ட வழி, முட்டையிட்டு முடித்த தாய் அந்தை நசுக்கி நுணுக்குக்கண்ணாடியில் வைத்து நோயணு உண்டா எனப் பார்ப்பதே. உண்டெனில் அம்முட்டைகளை எரிப்பது. பட்டுப்புழு முட்டை உற்பத்தி செய்யும் நிலையங்கள் இன்றும் அம்முறையைக் கைவிடவில்லை. மிகச் சிறிய பூச்சிகளிற் பலவற்றை உடற்கூறு பார்த்தாலன்றிப் பெயரிட இயலாது. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையார் காத்துவரும் காட்சிச்சாலையிற் போலக் கருத்தோடு சேர்த்த பூச்சிகள் பின்வருவோர்க்குப் பயன்படும். எம் வழக்கு அவற்றின்மேல் இல்லை. ஆண்டுதோறும் ஒரே தோட்டத்தில் அதே நாற்பது பூச்சிகளைக் கொன்று, பிடித்த இடமும் நாளும் எழுதாது, பரணில் வண்டுக்கு இரையாக்கும் மாணவர் பெட்டியின்மேல்தான் வழக்கு. 2011-ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக மானியக் குழுவினர், விலங்குநூல் வகுப்புகளில் உயிர்களை அறுப்பதைப் படிப்படியாகக் குறைத்து நீக்குமாறு நெறிகள் வகுத்தனர். தவளை தப்பியது, கரப்பானும் ஏறத்தாழத் தப்பியது. அக்கருணையைத் தட்டானுக்கும் நீட்டுவதிற் பாடத்திற்கு யாதொரு குறைவும் வாராது.

இனி, செய்ய விரும்பும் மாணவர்க்குச் சில சொற்கள். கைப்பேசியிலுள்ள படக்கருவியே வலைக்கு மாற்றாகும். ஒரே பூச்சியை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படமெடுத்து, நாள், நேரம், இடம், அமர்ந்த செடி ஆகியவற்றை உடனே எழுதுக, நினைவை நம்பற்க. இரவில் வெள்ளை வேட்டியைக் கொடியிற் கட்டி விளக்கொன்றை அதன்முன் வைத்தால் அந்துகளும் வண்டுகளும் வந்தமரும். எண்ணி முடித்தவுடன் விளக்கை அணைத்துவிடுக. இல்லையேல் விடியுமுன் கரிச்சான்குருவி அவற்றை உண்டுவிடும். புள்ளியிட விரும்புவோர், பூச்சியைச் சிறிது நேரம் குளிர்ந்த ஈரத்துணியில் வைத்து, அது மந்தமானபின், புல்நுனியாற் சாயம் தொட்டு முதுகில் மட்டும் இடுக. சிறகின் மூட்டில் சாயம் பட்டால் அப்பூச்சி கெட்டது. கதண்டுக் கூட்டினருகே எக்காரணம் பற்றியும் செல்லற்க. கொல்லாமை இருதலையும் வேண்டுமன்றோ?

தொடங்குவார்க்கு ஏற்றது எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி. மாணவர் விடுதியின் பின்புறமுள்ள எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் அதன் புழுவை எளிதிற் காணலாம். இளமையில் அது பறவை எச்சம் போலவே கறுப்பும் வெளுப்புமாய்க் கிடக்கும். பலர் கண்டும் காணாது போவர். முதிர்ந்தபின் இலைப்பச்சையாகும். விரலாற் சற்றே தீண்டினால், தலையின் பின்புறமிருந்து செம்மஞ்சட் கொம்பிரண்டை நீட்டி ஒரு கடுநாற்றம் வீசும். இலையோடு கொணர்ந்து, வாயகன்ற புட்டியில் வைத்து, மெல்லிய துணியால் மூடி, நாள்தோறும் புதிய இலையிட்டுக் கழிவை நீக்குக. சில நாளிற் குச்சியொன்றில் ஏறி, வால்நுனியை ஒட்டவைத்து, இடையைச் சுற்றி ஓரிழையாற் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். அவ்விழையும் பட்டே. ஆரணிச் சேலைக்கு ஆயிரம் மீட்டர் இழை தரும் புழுவைப்போலவே இதுவும் வாய்வழி நூற்கின்றது. தனக்கு வேண்டியது இரண்டு விரற்கடை நீளமே என்பதால் அதனோடு நிறுத்திக்கொள்கின்றது.

எல்லாக் கூட்டுப்புழுவினின்றும் வண்ணத்துப்பூச்சி வரும் என எண்ணற்க. சிலவற்றிற் சிறுதுளை தோன்றி, கொசுவினும் சிறிய குளவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும். அவற்றின் தாய் முன்னரே வந்து முட்டையிட்டுப் போயிருக்கும். அப்பொழுது ஏமாற்றங்கொண்டு புட்டியை உதறிவிடாது, வந்த குளவிகளை எண்ணி எழுதுக.

இதனை எழுதும்பொழுது எம் மேசைமேல் மூன்று கூட்டுப்புழுக்கள் இருக்கின்றன. ஒன்று பச்சை, மற்றொன்று காய்ந்த இலைநிறம், மூன்றாவது நேற்று மாலையிலிருந்து கறுத்து வருகின்றது. சிறகின் வரிகள் தோலினூடே தெரிவதாக ஆரணி மாணவர் சொல்கின்றார்; குளவி அரித்த கறுப்பு என மற்றொருவர் வாதிடுகின்றார். துணியை நீக்கிவிட்டோம். சாளரமும் திறந்திருக்கின்றது.